மச்சான்மாரின் கார்களும் மலைக் கணவாய்களும்

போன மாதம் எங்களில் ஒருத்தியை அவளின் சுவிஸ் மச்சான்மார் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவின் பெயர் ‘பாஸ் ட்ரிப்’. அவளின் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் பாஸ் எடுக்கவேணுமே பிள்ளை?” எண்டு கேட்டாவாம். அம்மாவின் தலைமுறைக்குப் பாஸ் என்றால் வரிசையில் நின்று, காரணம் சொல்லி, பயந்து பயந்து வாங்குகிற துண்டு. அது கையில் இருந்தால்தான் அடுத்த ஊருக்குப் போகலாம். மச்சான்மாருக்குப் பாஸ் என்றால் அல்ப்ஸ் மலைக் கணவாய். மூன்று ஸ்போர்ட்ஸ் கார், ஆறு பேர், ஐந்து நாள். மூன்று காரும் வாடகைக்கு.

எங்களை ஏன் சேர்த்தார்கள் என்று கேட்டோம். “நீங்கள் வாசிக்கிற ஆக்கள்தானே, ரூட்டைப் போட்டுத் தாங்கோ மச்சாள்” என்று பதில் வந்தது. எங்களில் ஒருவருக்கும் ஷெங்கன் விசா கிடையாது. நாங்கள் ஏறிய பெரிய மலை ரோடு நுவரெலியா ரோடுதான், அதுவும் இ.போ.ச. பஸ்ஸில், யன்னல் சீட்டுக்கு அடிபட்டு. ஆனாலும் ரூட் போட இருந்தோம். இருந்தால் ரூட்டைவிட ரோட்டின் கதை பெரிதாக இருந்தது. மச்சான்மாருக்கு அனுப்பியது ஒரு பக்கம். மிச்சம்தான் இது.

முதலில் குழுவில் விழுந்த பெயர் ஸ்டெல்வியோ. இத்தாலியின் வடக்கில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில், 2,757 மீற்றர் உயரத்தில் இருக்கிற கணவாய். பிராட் பக்கத்தால் ஏறினால் 48 கொண்டையூசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட கல். எங்கட மகியங்கனை ரோட்டின் பதினெட்டு வளைவை நினைத்துப் பாருங்கோ, அதை இரண்டரை மடங்காக்கி, காட்டை எடுத்துவிட்டுப் பனியைப் போடுங்கோ. மேலே நின்று எடுத்த படத்தில் ரோடு, ஆரோ நூடில்ஸைக் கொட்டிவிட்டுப் போனமாதிரிக் கிடக்கும். பிரித்தானியத் தொலைக்காட்சியின் பிரபலமான கார் நிகழ்ச்சி ஒன்று உலகத்தின் நல்ல ஓட்டுரோட்டைத் தேடிப் போய் இங்கே நின்றது. அதற்குப் பிறகு கோடை காலத்தில் அந்த ரோட்டில் சைக்கிள்காரர், மோட்டார் சைக்கிள்காரர், காரவான்காரர் எல்லோரும் ஒரேயடியாக நிற்கிறார்கள்.

யார் இதைக் கட்டினது, எதற்கு? 1815இல் வியன்னா மாநாடு நெப்போலியன் கலைத்துப்போட்ட ஐரோப்பாவைத் திரும்பப் பங்குபோட்டது. லொம்பார்டி, அதாவது மிலான் நகரமும் அதைச் சுற்றிய நாடும், ஒஸ்திரியப் பேரரசுக்குப் போனது. வியன்னாவிலிருந்து மிலானுக்குப் படை அனுப்ப ஒரு குறுக்கு வழி வேண்டும். கார்லோ தொனேகானி என்ற பொறியியலாளர் 1820இல் தொடங்கி 1825இல் முடித்தார். நூறு சதவீதம் இராணுவ ரோடு. அந்த 48 வளைவும் அழகுக்காக வைத்ததில்லை. பீரங்கி வண்டியை இழுக்கிற குதிரைக்குச் சரிவு கூடிவிடக்கூடாது, அதனால் வளைத்து வளைத்து ஏற்றினார்கள். இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கி ஆசையோடு திருப்புகிற வளைவின் அளவைத் தீர்மானித்தது ஒரு குதிரையின் மூச்சு.

இந்த இடத்தில் எங்களுக்கு வாசிப்பு நின்றுவிட்டது. 1815, 1820 என்ற இரண்டு ஆண்டையும் எங்கேயோ பார்த்தமாதிரி இருந்தது. 1815 மார்ச்சில் கண்டி ஒப்பந்தம். கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1817–18இல் ஊவாவில் கிளர்ச்சி. படையை மலைக்கு ஏற்ற வழியில்லாமல் அவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இலிருந்து கொழும்பு–கண்டி ரோட்டைப் போடவைத்தார். அதே பத்தாண்டு, அதே காரணம்: புதிதாகப் பிடித்த மலைநாட்டைக் கையில் வைத்திருக்க ஒரு ரோடு. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து ரோடு போகிறதே, பஸ்ஸில் போகும்போது எல்லோரும் தலையைத் திருப்பிப் பார்க்கிற இடம், அதைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள்: மலையை ஓட்டை போடுகிறவன் வரும்வரைக்கும் கண்டியை வெளியாள் ஆளமாட்டான் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாம். உண்மையோ பொய்யோ, கதையைச் சொன்னவர்களுக்கு ரோடு என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடுகண்ணாவையில் ஒரு கோபுரமும் நிற்கிறது. ரோட்டைத் திட்டமிட்ட கப்டன் டோசனின் ஞாபகத்துக்குக் கட்டியது. அவர் 1829இல் இறந்தார். கல்லுடைத்தவர்களின் பெயர் அங்கே இல்லை. அந்த ரோட்டுக்கு ஆள் பிடித்தது இராசகாரிய முறையில். அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியத்தைப் பிரித்தானியர் தங்களுக்கு மாற்றி எடுத்து, சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். 1832இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. ஸ்டெல்வியோவிலும் தொனேகானியின் பெயரைத் தேடாமலே கண்டுபிடிக்கலாம். அவருக்குக் கீழே சம்மட்டி அடித்தவர்களின் பெயரை நாங்கள் எங்கேயும் காணவில்லை.

அந்தக் கணவாயின் பிற்காலமும் வேடிக்கையானது. முதலாம் உலகப் போரில் இந்த மலைமுகடு ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையில் போர்முனை. பக்கத்தில் இருக்கிற 3,905 மீற்றர் ஓர்ட்லர் சிகரத்துக்குக்கூடப் பீரங்கியை இழுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிய, இரண்டு பக்கமும் இத்தாலிக்கே போனது. எல்லை அங்கிருந்து எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டது. பேரரசு கட்டின இராணுவ ரோட்டுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போக, உல்லாசப் பயணிகள் வந்து சேர்ந்தார்கள். கணவாய்க்குமேலே ஒரு சின்ன முகட்டின் பெயர் ஜேர்மன் மொழியில் ‘மும்மொழிச் சிகரம்’. ஜேர்மன், இத்தாலியன், றோமான்ஷ் மூன்றும் சந்திக்கிற இடம். மும்மொழியும் அறிவிப்புப் பலகையில் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி மச்சான்மாருக்குச் சொல்லியிருக்கிறோம். எங்கட நாட்டுக்காரருக்கு அது ஒரு பழக்கம்.

சரி, கார் எப்போது வந்தது?

இங்கேதான் எங்களுக்குப் பிடித்த பகுதி வருகிறது. மச்சான்மாரின் ரூட்டில் ஸ்டெல்வியோவிலிருந்து அடுத்த நாள் சுவிஸுக்குள் இறங்கி, பெர்னினா, அல்புலா, ஜூலியர், ஃப்ளூவெலா என்று ஒரு கொத்துக் கணவாய்கள். எல்லாம் கிறவுபுண்டன் மாநிலத்தில். இந்த மாநிலம் 1900 ஓகஸ்டில் தன் ரோடுகள் எல்லாவற்றிலும் காரைத் தடைசெய்தது. வேகக் கட்டுப்பாடு இல்லை, அனுமதி முறை இல்லை, முழுத் தடை. அது எத்தனை காலம் நின்றது என்று நினைக்கிறீர்கள்? இருபத்தைந்து வருடம். 1925 யூனில்தான் நீங்கியது. இடையில் அரசாங்கம் மெல்லமெல்லத் திறக்கப் பார்க்கும், மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும், மக்கள் ‘வேண்டாம்’ என்பார்கள். திரும்பக் கேட்கும், திரும்ப ‘வேண்டாம்’. இப்படிப் பல தரம். வெளியிலிருந்து காரோடு வந்தவர்கள் மாநில எல்லையில் இயந்திரத்தை நிற்பாட்டி, குதிரையைக் கட்டி இழுப்பித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நாங்கள் நிறையச் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால், அந்த மலைக்காரர் முட்டாள்கள் இல்லை. ரோட்டைப் பராமரிக்கிற செலவு உள்ளூர்ச் சனத்தின் தலையில். தூசியும் பயந்து ஓடுகிற குதிரையும் உள்ளூர்ச் சனத்துக்கு. காரில் வருகிறவன் பணக்காரன், நகரத்தான், வெளிநாட்டான். அவன் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதைவிட, மாநிலம் அப்போது றேஷன் ரயில் பாதைக்குக் கடன்பட்டுக் காசு கொட்டிக்கொண்டிருந்தது. ரயிலுக்குப் போட்டியாகக் காரை விட ஆருக்கு மனம் வரும்? ‘முன்னேற்றத்தை எதிர்த்த பட்டிக்காட்டார்’ என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒன்றைமட்டும் சொல்லவேணும்: வாக்களித்தது ஆண்கள் மட்டும். சுவிஸில் பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். எங்கட நாட்டில் 1931. இந்தத் தகவலை எங்கட தோழி குழுவில் போட, மச்சான்மார் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை.

பிறகு 2020இல், பக்கத்து ஒஸ்திரியாவின் தைரோல் மாநிலத்தில், ரொய்ட்ட மாவட்டத்தின் சில மலை ரோடுகளில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் போடுகிற மோட்டார் சைக்கிள்களைக் கோடைகாலத்துக்குத் தடைசெய்தார்கள். ஜேர்மனியிலிருந்து வார இறுதிக்கு வருகிற ஓட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள். 1900இல் வீட்டு வாசலில் நின்று தூசிக்கு முகத்தைத் திருப்பின சனத்தின் பேரப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று கார் ஒன்றாக ஊருக்குள்ளால் போகும்போது எக்ஸோஸ்டைத் திறந்துவிட்டு முறுக்க வேண்டாம் என்று ரூட் பேப்பரில் தடித்த எழுத்தில் போட்டோம். “சரி ரீச்சர்” என்று பதில் வந்தது.

காரை விற்கிறவர்களுக்கு மலை வேறு விதமாகப் பட்டது. 1910 அளவில் ஒஸ்திரிய மோட்டார் கழகம் ‘அல்பென்ஃபார்ட்’ என்ற மலைச் சோதனை ஓட்டத்தைத் தொடங்கியது. அது ஆர் முதலில் வருகிறார் என்ற பந்தயத்தைவிட, ஆருடைய வண்டி நிற்காமல் போய்ச் சேருகிறது என்ற சோதனை. 1912இல் ஜேம்ஸ் ராட்லி என்ற ஆங்கிலேயர் தன் சொந்த ரோல்ஸ்-ரோய்ஸோடு போனார். உலகத்தின் மிகச் சிறந்த கார் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்ட கம்பனியின் கார், கட்ஷ்பெர்க் கணவாயின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. அதன் உயரம் 1,641 மீற்றர்தான், நுவரெலியாவைவிடக் குறைவு. ஆனால் சரிவு பொல்லாதது. மூன்று கியர்தான் இருந்தது, அதில் முதல் கியர் அந்த ஏற்றத்துக்குப் பத்தாது. இங்கிலாந்தின் தட்டை ரோட்டில் கியர் மாற்றாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காகச் செய்த காருக்கு மலை ஒரு கேள்வி கேட்டது, அதற்குப் பதில் இல்லை. கம்பனிக்குப் பெரிய அவமானம். அடுத்த வருடம் நாலு கியர் பெட்டி போட்ட கார்களோடு கம்பனியே அணியாக வந்து நல்ல பெயர் எடுத்தது. அந்த மாதிரிக் காருக்குப் பிறகு ‘அல்பைன் ஈகிள்’ என்று பெயர் விழுந்தது. 1914 யூனிலும் ஓட்டம் நடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். பிறகு அந்த ரோடுகளில் போனது வேறு வாகனங்கள்.

மூன்று காரில் ஒன்றாவது அல்பீன் ஏ110 ஆக இருக்கவேணும் என்று மூத்த மச்சான் பிடிவாதம். ஏன் அல்பீன் என்று பெயர் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. பிரான்ஸின் தியெப் நகரத்தில் ரெனோ கார் விற்ற ஜான் ரெதெலே என்ற இளைஞர், சின்ன ரெனோ 4சீவீ காரைத் திருத்தி மலை ஓட்டப் போட்டிகளில் ஓடினார். அல்ப்ஸ் கணவாய்களைச் சுற்றுகிற கூப் தெ ஸல்ப் போட்டியில் அந்தக் குட்டிக் காரோடு பெற்ற வெற்றியும், அதைவிட அந்த ரோட்டில் ஓட்டின சந்தோசமும்தான் 1955இல் தொடங்கிய கம்பனிக்கு அவரை அந்தப் பெயரை வைக்கவைத்தது. முதல் ஏ110 வந்தது 1962இல். பாரமில்லாத கார். 1973இல் முதல் உலக ரலி சம்பியன் பட்டம் அதற்குத்தான் போனது. அதற்கு எதிரில் நின்ற பெரிய இயந்திரக்காரர் நேர் ரோட்டில் வென்றாலும், மலையில் பாரம் குறைந்தவன் வெல்லுவான். பொதி இல்லாமல் மலையேறுகிறவனுக்குத் தெரிந்த விசயம்.

சுவிஸிலும் மலைப் பந்தயம் இருந்தது. 1922இலிருந்து 1934வரை கிளவுசன் கணவாயில், 21.5 கிலோமீற்றர் ஏற்றம், பெரும்பாலும் கல்லும் மண்ணும். 1934இல் மேர்சிடிஸ் காரில் ருடோல்ஃப் கரச்சியோலா வைத்த நேரம்தான் கடைசிச் சாதனை. அதே 1934இல் எங்கட நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் தொடங்கியது. ஆங்கிலேயத் துரைமார் ஏப்பிரல் சீசனுக்குக் கொண்டுவந்த பொழுதுபோக்கு, இன்றும் நடக்கிறது. சுவிஸோ, 1955இல் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் 80 பேருக்கு மேல் செத்த பிறகு, சுற்றுப்பாதைக் கார்ப் பந்தயத்தைச் சட்டம் போட்டே தடைசெய்தது. மலையேற்றத்தை மட்டும் விட்டுவைத்தது. உலகத்தின் விலைகூடின கார்கள் இத்தனை ஓடுகிற நாட்டில் அவற்றை முறுக்கிப் பார்க்க நெடுங்காலம் தடை இருந்தது.

மூன்றாம் நாளுக்கு வருவம். கொத்தார்ட். 2,106 மீற்றர். உயரத்தில் இது பெரிய ஆளில்லை, கதையில் பெரிய ஆள். வடக்குப் பக்கத்தில் ஷொல்லெனன் என்ற பள்ளத்தாக்கில் பிசாசுப் பாலம் இருக்கிறது. பாறை செங்குத்து, ஆறு பொங்கிப் பாயும், பாலம் கட்ட முடியாமல் சனம் களைத்துப்போய்ப் பிசாசைக் கேட்டதாம். பிசாசு கட்டிக் கொடுத்தது, கூலி: முதலில் பாலத்தைத் தாண்டுகிற உயிர். சனம் ஒரு ஆட்டைத் துரத்திவிட்டார்கள். கோபம் வந்த பிசாசு பாலத்தை உடைக்கப் பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வர, வழியில் ஒரு கிழவி அதில் சிலுவைக் குறி போட, கல் அங்கேயே கிடந்துவிட்டது. கதை இத்தோடு முடியவில்லை. 1970களில் அதிவேகப் பாதை போட வந்தபோது அந்தக் கல் குறுக்கே நின்றது. 220 தொன். உடைத்துப்போடாமல், 1977இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிராங் செலவழித்து 127 மீற்றர் தள்ளி வைத்தார்கள்.

ஆனால் மச்சான்மார் நிற்கவேணும் என்று நாங்கள் குறித்த இடம் அந்தக் கல் இல்லை. பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் கொஷெனன் என்ற ஊர். கொத்தார்ட் ரயில் சுரங்கத்தின் வடக்கு வாசல். 1872இல் தொடங்கி 1882இல் திறந்த 15 கிலோமீற்றர் சுரங்கம், அக்காலத்தில் உலகத்திலேயே நீளமானது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியர், ஊரில் பிழைக்க வழியில்லாமல் வந்தவர்கள். உள்ளே வெக்கை, டைனமைற் புகை, ஊற்றுத் தண்ணி, கொழுக்கிப் புழு நோய். ஒரே படுக்கையை முறைபோட்டுப் பாவித்தார்கள். ஒருவன் வேலைக்கு எழும்ப, மற்றவன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். 1875 யூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுவிஸ் மாநிலப் படை வந்து சுட்டதில் நாலு தொழிலாளர் இறந்தார்கள். வேலை முடிவதற்குள் பதிவானமட்டும் ஏறத்தாழ 200 பேர் செத்துப்போனார்கள். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர்கூட 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே விழுந்து இறந்தார், சுரங்கம் துளைபடுவதைக் காணவில்லை.

தெற்கு வாசலில் அயிரோலோ ஊர். அங்கே ஸ்டேசனுக்குப் பக்கத்தில் வின்சென்சோ வேலா என்ற சிற்பி செய்த புடைப்புச் சிற்பம் இருக்கிறது: செத்துப்போன தோழனைத் தூக்கிக்கொண்டு வருகிற சுரங்கத் தொழிலாளர். பெயர், ‘உழைப்பின் பலிகள்’. டோசன் கோபுரத்தைப் பார்த்துப் பழகின எங்களுக்கு இப்படி ஒரு ஞாபகச்சின்னம் இருக்கலாம் என்பதே புதிது. மலையகத்தில் ரோட்டுக்கும் ரயிலுக்கும் தேயிலைக்கும் செத்தவர்களுக்கு எத்தனை சிலை இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கோ.

அயிரோலோவிலிருந்து கணவாய்க்கு ஏறுகிற பழைய ரோடு திரெமோலா. கல் பதித்த 24 வளைவு. அதிவேகப் பாதையும் சுரங்கமும் வந்த பிறகு அவசரக்காரர் ஒருவரும் அதில் போவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் தாழ்ந்த வயிறு அந்தக் கல்லில் தடதடக்கும், வேகமாகப் போகவே முடியாது. எங்களுக்கு அது நல்லதாய்ப் பட்டது, ரூட்டில் சேர்த்துவிட்டோம்.

நாலாம் நாள் ஃபுர்கா, கிறிம்சல், சூஸ்டன் மூன்றையும் ஒரு வட்டமாகப் போகலாம், 130 கிலோமீற்றருக்குள். ஃபுர்காவில் 1964 ஜேம்ஸ் பொண்ட் படம் ‘கோல்ட்ஃபிங்கர்’ எடுத்தார்கள், அஸ்டன் மார்டின் டிபி5 வளைந்து வளைந்து போகிற காட்சி. இளைய மச்சானுக்கு அந்த வளைவில் நின்று படம் எடுக்கவேணும். அதே கணவாய் ரோட்டில் பெல்வெடேர் என்ற பழைய ஹோட்டல், மூடிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் வாசலில் நின்றால் றோன் பனிப்பாறை முன்னால் கிடக்கும். இப்போது அது மலை மடிப்புக்குள் ஒதுங்கிவிட்டது. மிச்சம் இருக்கிற பனிக்குகை உருகாமல் இருக்கக் கோடையில் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். ஆறு பேர் மூன்று காரில் பெற்றோல் எரித்துக்கொண்டு போய்ப் பார்க்கிற காட்சி இது. எழுதினால் குற்றம் சொன்னமாதிரி இருக்கும் என்று எங்களுக்குள்ளே ஒரு வாக்குவாதம். எழுதுவம் என்றவர்கள் வென்றார்கள்.

ஒஸ்திரியாவின் குரொஸ்குளொக்னர் ரோட்டுக்கு இந்த ஐந்து நாளில் இடமில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. இது முதலிலிருந்தே கார்ச் சுற்றுலாவுக்கென்று கட்டின மலை ரோடு. பேரரசு உடைந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்குமேலே போன காலத்தில், 1930இல் தொடங்கினார்கள். ஃபிரான்ஸ் வாலாக் என்ற பொறியியலாளர். ஏறத்தாழ 3,000 பேருக்கு வேலை கிடைத்தது. 1935 ஓகஸ்ட் 3இல் திறப்பு, அடுத்த நாளே அதில் கார்ப் பந்தயம். இன்றைக்கும் காருக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். ஃபுஷர் ரோர்ல் என்ற இடத்தில் கட்டுமானத்தில் இறந்தவர்களுக்கு ஒரு ஞாபகச்சின்னம் உண்டு. மேலே ஹொக்டோர் கணவாயில் தோண்டும்போது உரோமர் காலத்து வெண்கல ஹெர்குலிஸ் சிலை ஒன்று வெளியே வந்தது. புது வழி என்று தோண்டின இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் போய்வந்திருக்கிறார்கள்.

இனி, மச்சான்மாருக்கு அனுப்பின அந்த ஒரு பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். யூன் கடைசிக்கு முன்னர் வெளிக்கிடவேண்டாம், பனி அகற்றி முடிந்திருக்காது. மூன்று காரும் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது, முன்னுக்குப் போகிறவர் வளைவு தாண்டி நிறுத்த இடம் பார்த்துக் காத்திருக்கட்டும். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற டேர்போ இல்லாத காருக்கு ஸ்டெல்வியோ உச்சியில் காற்று மெலிதாகிக் கிட்டத்தட்டக் கால்வாசி வலு குறையும், அதைப் பார்த்துக் கார் பழுது என்று பதற வேண்டாம். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கோ. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி தரைக்குப் போய்விடும். எங்கட ரம்பொடை இறக்கத்தில் லொறிக்காரர் செய்கிற வேலைதான். மலை ரோட்டில் மஞ்சள் தபால் பஸ்ஸுக்கு முன்னுரிமை. மஞ்சள் ஊதுகுழல் போட்ட நீலப் பலகை உள்ள ரோட்டில், பஸ் சாரதி பின்னுக்கு எடு என்றால் எடுக்கவேணும், எத்தனை இலட்சம் பெறுமதியான கார் என்றாலும். 80 ரோட்டில் 140க்குப் போனால் அது மறியல்வரைக்கும் போகலாம்.

மஞ்சள் பஸ்ஸைப் பற்றி எழுதினதும் குழுவில் அதுவரை ஒரு சொல்லும் கதைக்காத ஒருவர் எழுதினார். மச்சான்மாரின் தகப்பன், எங்கட தோழிக்குப் பெரிய மாமா. 1980களின் கடைசியில் சுவிஸுக்குப் போனவர். இப்போது அந்த நாட்டில் ஏறத்தாழ 50,000 தமிழர். அந்த முதல் வருடங்களில் போனவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை ஹோட்டல் குசினியில்தான். மாமாவுக்குக் கிடைத்தது மலைக்குமேலே ஒரு ஹோட்டல், கோப்பை கழுவுகிற வேலை. குரல் பதிவாக அனுப்பியிருந்தார், நாங்கள் எழுத்தில் போடுகிறோம்:

“பிள்ளையள், அந்த மஞ்சள் பஸ்ஸின்ர ஹோர்ன் மூண்டு சுரத்தில அடிக்கும். வளைவுக்கு வளைவு அடிப்பான். நான் மூண்டு சீசன் அந்த ரோட்டால போய்வந்தனான். போகேக்க இருட்டு, வரேக்க நித்திரை. அந்த மலையை நான் வடிவாப் பார்க்கேல்லை. ஹோர்ன் சத்தம் மட்டும் இப்பவும் ஞாபகம்.”

அந்த மூன்று சுரம் றொசீனியின் ‘வில்லியம் டெல்’ இசையிலிருந்து எடுத்தது என்று நாங்கள் தேடிப் பார்த்துச் சொன்னோம். மாமாவுக்கு அது புதுச் செய்தி. மூத்த மச்சான் அன்றிரவே ஃபுர்காவுக்கு ஒரு நாள் கூட்டச் சொன்னார். இப்போது பயணம் ஆறு நாள், ஏழு பேர்.

ஏ110இல் இரண்டு சீட்டுத்தான். மற்ற இரண்டிலும் பின்சீட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் மாமா தன்ர பழைய டொயோட்டாவில் பின்னால் வருகிறார். ரைஸ் குக்கரும் கருவாட்டுச் சம்பலும் அந்தக் காரில். வளைவில் ஆருக்காகக் காத்து நிற்கவேணும் என்று ரூட் பேப்பரைத் திருத்தி அனுப்பிவிட்டோம்.